பங்கு முதலீட்டாளரின் நாளேடு

பங்குகளில் சில ஆண்டுகளாகப் பணம் முதலீடு செய்துவரும் ஒருவரிடம், "இதுவரை தங்களுக்குக் கிடைத்த இலாபம் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு எத்தனை வீதம்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை ஓர் எண்ணாக வருவது அரிது. பெரும்பாலும் அது ஒரு கதையாகவே வரும். இன்ன வங்கியின் பங்கை எண்பது ரூபாவுக்கு வாங்கி நூற்றிருபதுக்கு விற்ற வரலாற்றை அவர் சுவையாக எடுத்துரைப்பார். அதே ஆண்டில் வாங்கி, இன்றுவரை விற்க மனம் வராமல் வைத்திருக்கும் ஹோட்டல் கம்பனியின் பங்குகள் அக்கதையில் இடம்பெறமாட்டா. அவர் பொய் சொல்கின்றார் என்பது இதன் பொருளன்று. வென்றதைப் பெரிதாகவும் தோற்றதைச் சிறிதாகவும் வைத்துக்கொள்வது மனித நினைவின் இயல்பு. ஆனால் அந்த நினைவை நம்பி, ஓய்வுபெறும்போது கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதியையும் சந்தையில் இடலாம் என்று அவர் துணிவாராயின், அப்பொழுதுதான் காரியம் விபரீதமாகின்றது. முப்பது ஆண்டு உழைப்பின் பயன் முழுவதும், எவரும் கணக்குப் பார்த்திராத ஒரு திறமையின்மீது ஏற்றிவைக்கப்படுகின்றது.

ஆகவே, எந்தப் பங்கை வாங்குவது என்பதைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அதனை உறுதியாக அறிந்தவர் எவரும் வானொலி நிலையத்துக்கு வந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். வாங்கியதையும் விற்றதையும், அவற்றின் காரணத்தையும் பயனையும் முதலீட்டாளர் தம் கைப்பட எழுதிவைக்கவேண்டிய நாளேட்டைப் பற்றியே பேச எண்ணுகின்றேன்.

கணக்கு எழுதுதல் தமிழ் வணிகருக்குப் புதிதன்று. கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்துகொண்டு இந்நாட்டின் வணிகத்துக்கும் பயிர்ச்செய்கைக்கும் கடன் வழங்கிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அன்றாட வரவு செலவுக்கு ஒரு குறிப்பு, ஆளுக்கு ஆள் பற்று வரவு காட்டும் பேரேடு, யாவற்றையும் கூட்டி நிலை காட்டும் ஐந்தொகை என்று பிரித்துப் பிரித்து எழுதினர். ஐந்தொகை என்னும் சொல் நெடுங்காலம் எமது பாடசாலைக் கணக்கியல் நூல்களிலும் வழங்கிவந்தது. சிறு கடைக்காரர் கூட அன்றைய விற்பனையை எழுதாமல் கதவைச் சாத்துவதில்லை. அத்தகைய குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஒருவர், கைத்தொலைபேசியில் விரலால் தொட்டு இலட்சக்கணக்கான ரூபாவுக்குப் பங்குகளை வாங்குகின்றார், விற்கின்றார். ஆயின், அதற்கென ஒரு தாள் கூட அவரிடம் இருப்பதில்லை. இஃது எனக்கு எப்பொழுதும் வியப்பைத் தருவது.

கணக்கு எழுதினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்று. இலினோயிஸ் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உண்டு. 1983ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து முதலீட்டுக் கழகம் ஒன்றை அமைத்தனர். அவர்களிற் பலர் முதியவர்கள். மாதந்தோறும் கூடுவர், ஒவ்வொருவரும் ஒரு சந்தா செலுத்துவர், கம்பனிகளின் அறிக்கைகளைப் படித்து, வாக்கெடுத்து, பங்குகளை வாங்குவர். பத்தாண்டு முடிவில் தாம் ஈட்டியது ஆண்டொன்றுக்குச் சராசரி நூற்றுக்கு 23.4 வீதம் என்று அவர்கள் அறிவித்தனர். அக்காலத்தில் பெயர்பெற்ற நிதி நிருவாகிகளிலும் மிகச் சிலரே அந்த அளவை எட்டியிருந்தனர். தொலைக்காட்சியினர் தேடி வந்தனர். 1990களின் நடுப்பகுதியில் அப்பெண்கள் எழுதிய முதலீட்டு வழிகாட்டி நூல், அவர்களுடைய சமையற் குறிப்புகளும் உடன்சேர, பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று.

1998ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்துச் சஞ்சிகை ஒன்றின் எழுத்தாளர், அந்நூலின் முகப்புப் பக்கங்களிற் சிற்றெழுத்தில் இருந்த ஒரு குறிப்பைக் கண்டார். கழகத்தின் மொத்த இருப்பு எவ்வளவு பெருகியது என்பதைக் கொண்டே வருவாய் கணிக்கப்பட்டது என்றும், அப்பெருக்கத்தில் அங்கத்தவர் செலுத்திய சந்தாவும் அடங்கும் என்றும் அக்குறிப்பு கூறிற்று. அஃதாவது, அவர்கள் தம் கைப்பையிலிருந்து எடுத்து இட்ட பணமும் பங்குகள் ஈட்டிய இலாபமாக எண்ணப்பட்டது. பின்னர் பிரைஸ் வோட்டர்ஹவுஸ் என்னும் கணக்காய்வு நிறுவனத்தைக் கொண்டு கணக்கை முறைப்படி பார்த்தபோது, அப்பத்தாண்டுக்கான உண்மை வருவாய் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 9.1 வீதம் என்று தெரியவந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஐந்நூறு பெருங் கம்பனிகளின் சுட்டெண், பங்கிலாபத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு 14.9 வீதம் ஈட்டியிருந்தது.

அப்பெண்கள் எவரையும் ஏமாற்ற எண்ணியவர்கள் அல்லர். ஒழுங்காகக் கூடியவர்கள், ஒழுங்காக எழுதியவர்கள். 9.1 வீதம் என்பதும் இழிவான வருவாய் அன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்து ஆண்டுகளாக அவர்கள் தம்மைச் சந்தையை வென்றவர்களாக நம்பினர். உண்மையிற் சந்தைக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். அந்த நம்பிக்கையை விலைகொடுத்து வாங்கிப் படித்தவர்கள் பல இலட்சம் பேர்.

இந்தப் பிழை எமக்கு எவ்வாறு நேரும் என்பதை ஒரு சிறு கணக்கினாற் காட்டுகின்றேன். ஒருவர் தை மாதம் முதலாந் தேதி ஓர் இலட்சம் ரூபாவுடன் தொடங்குகின்றார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதந்தோறும் ஐயாயிரம் ரூபா சேர்க்கின்றார். ஆண்டு முடிவில் அவருடைய பங்குகளின் பெறுமதி 1,70,000 ரூபா. "ஓர் இலட்சம் ஒன்றே முக்கால் இலட்சத்தை நெருங்கிவிட்டதே, நூற்றுக்கு எழுபது வீதம்!" என்று மனம் குதிக்கும். ஆனால் பன்னிரண்டு மாதமும் அவர் இட்டது 60,000 ரூபா. சந்தை தந்தது 10,000 மாத்திரமே. அந்த அறுபதாயிரமும் ஆண்டு முழுவதும் வேலை செய்யவில்லை; சராசரியாக அரையாண்டே வேலை செய்தது. எனவே அதிற் பாதியை, அஃதாவது 30,000 ரூபாவை, முதலிற் சேர்த்து 1,30,000 என்று கொள்ளலாம். பத்தாயிரத்தை அதனால் வகுத்தால் நூற்றுக்கு 7.7 வீதம் அளவில் வரும். எழுபது எங்கே, ஏழு எங்கே!

இதனை இன்னும் துல்லியமாகச் செய்ய விரும்புவோர், அலகு நம்பிக்கை நிதியங்கள் கையாளும் முறையைத் தம் நாளேட்டிலும் பின்பற்றலாம். தொடக்கத்தில் உள்ள ஓர் இலட்சத்தை, அலகொன்று நூறு ரூபாவாக ஆயிரம் அலகுகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் பெறுமதி 1,20,000 ஆகின்றது எனில், அலகின் விலை 120 ரூபா. அன்று புதிதாக 60,000 ரூபா இடுவீர்களாயின், அது 500 அலகுகளை வாங்குகின்றது. மொத்தம் 1,500 அலகுகள். மார்கழி முடிவில் யாவும் சேர்ந்து 1,71,000 என்றால் அலகின் விலை 114 ரூபா. தெரிவு செய்த பங்குகள் அவ்வாண்டில் நூற்றுக்கு 14 வீதம் வளர்ந்தன என்பது இதனால் விளங்கும். ஆனால் உங்கள் கையில் இருந்து சென்றது 1,60,000, இருப்பது 1,71,000, ஆகவே கைக்கு மிஞ்சியது 11,000 ரூபாதான். இரு விடைகளும் சரியானவையே. முன்னது பங்குகளைத் தெரிந்த திறமையைக் கூறுகின்றது; பின்னது பணத்தை இட்ட வேளையையும் சேர்த்துக் கூறுகின்றது. விலை உயர்ந்திருந்த ஆனி மாதத்திற் பெருந்தொகையை இட்டதே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம். சந்தை ஏறியபின் ஊக்கம் கொண்டு பணத்தைக் கொட்டும் பழக்கம் எம்மிற் பலருக்கு உண்டு. இவ்விரு வரிகளையும் பக்கத்திற் பக்கம் எழுதிவைப்பவருக்கு அப்பழக்கம் இரண்டொரு ஆண்டில் கண்ணிற் படும்.

இனி, செலவுக் கணக்கு. இந்நாட்டிற் பங்கு வணிகம் 1896ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் பங்குகளைக் கொண்டு, தரகர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்தினால் தொடங்கப்பெற்றது. அன்று தொட்டு இன்றுவரை தரகுக்கூலி இல்லாமற் பங்கு கைமாறியதில்லை. 2020களின் முற்பகுதியில் கொழும்புப் பங்குச் சந்தையில் நூறு மில்லியன் ரூபாவுக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு அறவிடப்பட்ட மொத்தக் கட்டணம் நூற்றுக்கு 1.12 வீதம். இதில் தரகருக்கு 0.64; அரசாங்கத் தீர்வை 0.3, எஞ்சியது பங்குச் சந்தை, மத்திய வைப்பு முறை, மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு ஆகியவற்றுக்கு உரியது. வாங்கும்போதும் இக்கட்டணம்; விற்கும்போதும் இக்கட்டணம்.

ஆயிரம் பங்குகளை 40 ரூபா வீதம் வாங்கினால் விலை 40,000, கட்டணம் 448, ஆக 40,448 ரூபா. விலை 41 ஆனவுடன் விற்றுவிட்டால் கிடைப்பது 41,000. அதில் 459 ரூபா 20 சதம் கட்டணமாகப் போக, கைக்கு வருவது 40,540 ரூபா 80 சதம். பங்குக்கு ஒரு ரூபா ஏறியதே, ஆயிரம் ரூபா இலாபம் என்று எண்ணியவருக்கு மிஞ்சியது 92 ரூபா 80 சதம். பேருந்தில் கோட்டைக்குப் போய்வரும் செலவுக்குக் கூட அது போதுமோ என்னவோ. விலை 40 ரூபா 91 சதத்தை எட்டும்வரை அவர் நட்டத்திலேயே இருந்தார் என்பதை நாளேடு அன்றே காட்டியிருக்கும். எனவே வாங்கிய விலையை எழுதும்போது சந்தையிற் கூறிய விலையை எழுதலாகாது. தரகர் அனுப்பும் ஒப்பந்தக் குறிப்பின் அடியில் உள்ள நிகரத் தொகையையே எழுதவேண்டும்.

பங்கிலாபம் கிடைத்த நாளையும், வரி கழித்துக் கைக்கு வந்த தொகையையும் தனி நிரலிற் பதிதல் நன்று. கம்பனி இலவசப் பங்குகளை வழங்கும்போது இன்னொரு குழப்பம் நேரும். முன் கூறிய ஆயிரம் பங்குகளுக்கு நான்குக்கு ஒன்றாக இலவசப் பங்கு கிடைத்தால் 1,250 பங்குகள் ஆகும். அடக்க விலை பங்கொன்றுக்கு 40.45 ரூபாவிலிருந்து 32.36 ரூபாவாகக் குறையும். சந்தை விலையும் ஏறத்தாழ அவ்வாறே இறங்கும். 33 ரூபா என்று பத்திரிகையிற் கண்டு, "ஏழு ரூபா போயிற்றே" என்று தலையிற் கைவைப்பவரும் உண்டு. ஏட்டைத் திருத்தி வைத்திருந்தால் அது சிறிய இலாபம் என்று அறிந்திருப்பார். மாறாக, இலவசம் என்னும் சொல்லைக் கேட்டுப் பெரும் பேறு கிடைத்துவிட்டதாக மகிழ்வதும் அதே அறியாமைதான்.

இவையெல்லாம் எண்கள். எண்களை இக்காலத்தில் தரகரின் கணினியே அனுப்பிவிடுகின்றது. பின் ஏன் நாம் எழுதவேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தரகரின் கூற்று எதனை வாங்கினீர்கள் என்பதைச் சொல்லும்; ஏன் வாங்கினீர்கள் என்பதைச் சொல்லாது. நாளேட்டின் உயிர் அந்த "ஏன்" என்னும் நிரலில் உள்ளது என்பது என் கருத்து. அதனை வாங்குவதற்கு முன் எழுதவேண்டும், பின் அன்று.

ஏன் முன்? 1972ஆம் ஆண்டில் அமெரிக்க சனாதிபதி நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்றார். அப்பயணங்களுக்கு முன், இன்னின்னது நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று மாணவர்களைக் கொண்டு மதிப்பிடுவித்தனர் பாருக் பிஷ்ஹொவ், ரூத் பேத் என்னும் உளவியலாளர். பயணங்கள் முடிந்து காலம் சென்றபின், "நீங்கள் முன்பு என்ன மதிப்பு இட்டீர்கள்? நினைவுபடுத்தி எழுதுங்கள்" என்று அதே மாணவர்களைக் கேட்டனர். நடந்துவிட்ட காரியங்களுக்குத் தாம் முன்னரே உயர்ந்த வாய்ப்பு அளித்திருந்ததாகப் பலர் எழுதினர். நடவாதவற்றுக்குக் குறைந்த வாய்ப்பு அளித்திருந்ததாக எழுதினர். தாம் இட்ட மதிப்பைத் தாமே அறியாமல் மாற்றிக்கொண்டனர். 1975இல் வெளியான இவ்வாய்வு, "எனக்கு அப்போதே தெரியும்" என்று கூறும் மனப்பான்மையை அறிவியலார் கவனத்துக்குக் கொணர்ந்தது. எழுதி வைத்த தாள் அவர்களிடம் இல்லாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

ஆகவே வாங்குமுன் சில வரிகள். "விலை ஏறும்" என்பது காரணமன்று, அது ஆசை. "இக்கம்பனி மூன்று ஆண்டுகளாகக் கடனைக் குறைத்துவருகின்றது; அடுத்த இரண்டு காலாண்டு அறிக்கைகளில் வட்டிச் செலவு குறையாவிட்டால் என் எண்ணம் பிழை" என்று எழுதுவது காரணம். அதில் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கூற்று இருக்கின்றது. எப்பொழுது விலகவேண்டும் என்பதும் இருக்கின்றது. இன்னொரு சிறு நிரலையும் பரிந்துரைப்பேன். "இதனை யார் சொன்னார்?" என்பதே அது. மைத்துனர் சொன்னது, தரகர் சொன்னது, பத்திரிகையிற் படித்தது, அறிக்கையைத் தாமே படித்து அறிந்தது என்று உண்மையை எழுதவேண்டும். ஈராண்டு கழித்து அந்நிரலை மட்டும் கூட்டிப் பார்த்தால், யாருடைய சொல் எவ்வளவு பெறுமதியானது என்பது ரூபா சதக் கணக்கில் தெரிந்துவிடும். மைத்துனருடன் உறவு கெடாமல் இருக்க, அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டாமல் இருப்பது நலம்.

விற்கும்போதும் காரணம் எழுதுதல் வேண்டும். இங்கேதான் பலருடைய பலவீனம் வெளிப்படும். கலிபோர்னியாவில் ஆய்வு செய்த டெரன்ஸ் ஓடீன் என்பவர், தரகு நிறுவனம் ஒன்றின் பத்தாயிரம் வாடிக்கையாளர் கணக்குகளில் 1987 முதல் 1993 வரை நிகழ்ந்த விற்பனைகளை ஆராய்ந்தார். மக்கள் இலாபத்தில் நின்ற பங்குகளை விரைந்து விற்றனர். நட்டத்தில் நின்றவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தனர். 1998இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் விற்றுவிட்ட இலாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நட்டப் பங்குகளைக் காட்டிலும் அடுத்த ஓராண்டில் நூற்றுக்கு 3.4 வீதம் அளவு கூடுதலாகப் பயன் தந்தன. விற்றால் நட்டம் உறுதியாகிவிடும். விற்காதவரை அது வெறும் தாள் நட்டமே என்று மனம் ஆறுதல் தேடுகின்றது. வாழைக்குலையிற் பழுத்த நல்ல பழத்தையெல்லாம் விற்று, அழுகியதை வீட்டில் வைத்துக்கொள்வது போன்ற காரியம் இது. தம்மிடம் இக்குணம் இருக்கின்றதா என்று அறிய ஒருவருக்கு வேறு வழியில்லை. தம் விற்பனைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆறு மாதம் கழித்து அப்பங்கின் விலையையும் குறித்துப் பார்க்கவேண்டும். விற்ற பங்கின் விலையைப் பின்னர் எவரும் விரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்கத்தான் வேண்டும்.

ஓடீனும் அவருடைய சகாவான பிராட் பாபரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு அறுபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பற்றியது. 1991 முதல் 1996 வரை அமெரிக்கச் சந்தை ஆண்டுக்கு 17.9 வீதம் ஈட்டியபோது, மிக அடிக்கடி வாங்கி விற்றோர் ஈட்டியது 11.4 வீதமே. நாளேட்டை எழுதும் சிரமமே இத்தகையோரின் கையைச் சற்றுக் கட்டிவைக்கும். ஒரு பக்கம் எழுதாமல் ஒரு பங்கும் வாங்குவதில்லை என்று நியமம் செய்துகொண்டவர், சோம்பலினாலேயே பல வீண் கொள்வனவுகளிலிருந்து தப்பியிருப்பார்.

எதனோடு ஒப்பிடுவது என்பது அடுத்த வினா. கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 1985ஆம் ஆண்டை நூறாகக் கொண்டு கணிக்கப்படுவது. 2020ஆம் ஆண்டு முடிவில் அது 6,774 அளவில் நின்றது. 2021 முடிவில் 12,226. ஓராண்டில் நூற்றுக்கு எண்பது வீத ஏற்றம். அவ்வாண்டிற் புதிதாகச் சந்தைக்கு வந்த ஒருவர் தம் பணம் நூற்றுக்கு அறுபது வீதம் வளர்ந்ததைக் கண்டு தம்மைத் தேர்ந்த மதிநுட்பம் உடையவராக எண்ணியிருக்கக்கூடும். சுட்டெண்ணையும் பக்கத்தில் எழுதியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு யாவற்றிலும் சிறிது வாங்கியவரைவிடத் தாம் இருபது வீதம் பின்தங்கியதை அறிந்திருப்பார். 2022ஆம் ஆண்டு முடிவில் சுட்டெண் 8,490க்கு இறங்கிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் நாட்டின் நெருக்கடி காரணமாகச் சந்தையை ஒரு வாரம் மூடிவைக்கவேண்டியும் வந்தது. தம் காரணங்களை எழுதிவைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் அவற்றை ஆறுதலாகப் படித்துப் பார்க்க வாய்ப்பாக அமைந்தது. மற்றவர்களுக்கு வதந்தி கேட்பதே வேலை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. விலைச் சுட்டெண்ணில் பங்கிலாபம் சேர்வதில்லை. உங்கள் கணக்கிற் பங்கிலாபத்தைச் சேர்த்துவிட்டு, பங்கிலாபம் சேராத சுட்டெண்ணோடு ஒப்பிட்டு வென்றதாகக் கூறுதல் நியாயமன்று. பங்கிலாபம் சேர்த்த சுட்டெண்ணும் வெளியிடப்படுகின்றது, அதனையே பார்க்கவேண்டும். இரண்டாவது, சந்தையை வென்றால் மட்டும் குடும்பம் வாழ்ந்துவிடாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை நெருங்கிற்று. அவ்வாண்டின் இறுதியிற் குறுங்காலத் திறைசேரி உண்டியல்கள் முப்பது வீதத்துக்கு மேற்பட்ட வட்டி தந்தன. அத்தகைய ஆண்டில் 25 வீதம் ஈட்டியவர் ரூபாக் கணக்கில் வென்றவர். அரிசிக் கணக்கிலும் மருந்துக் கணக்கிலும் தோற்றவர். ஆகவே ஆண்டு முடிவுப் பக்கத்தில் நான்கு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருத்தல் வேண்டும்: என் வருவாய், சந்தையின் வருவாய், வங்கி நிலையான வைப்பின் வட்டி, அவ்வாண்டின் பணவீக்கம். இந்நான்கையும் பார்த்தபின் சேமலாப நிதியைப் பற்றிய முடிவை எடுக்கலாம். அதற்கு முன் வேண்டா. அதுவும் ஓராண்டின் பக்கம் போதாது. ஏற்றமும் இறக்கமும் ஒரு முறையேனும் வந்துபோன ஐந்தாறு ஆண்டுகளின் பக்கங்கள் வேண்டும்.

தம் பழைய கணக்கைப் பார்த்துத் தம் போக்கையே மாற்றிக்கொண்டவர்களுள் ஒருவர் பொருளியலறிஞர் ஜோன் மேனாட் கெயின்ஸ். அவர் கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் பொருளாளராக 1924 முதல் 1946இல் இறக்கும்வரை இருந்து, கல்லூரியின் நிதியைப் பங்குகளில் முதலீடு செய்தார். உலகின் பொருளாதார ஏற்ற இறக்கத்தை முன்கூட்டி அறிந்து, ஏறுமுன் வாங்கி இறங்குமுன் விற்கலாம் என்பது அவருடைய முதற் கொள்கை. அதற்கு அவரைவிடத் தகுதியானவர் அக்காலத்தில் யார் இருந்தனர்? எனினும் 1929ஆம் ஆண்டின் வீழ்ச்சியை அவர் முன்னறியவில்லை. 1938ஆம் ஆண்டு மே மாதத்தில் கல்லூரிக் குழுவுக்கு எழுதிய ஒரு குறிப்பில், அம்முறை தமக்குப் பயன் தரவில்லை என்று அனுபவத்தை ஆராய்ந்து ஒளிவுமறைவின்றி எழுதினார். விலை மலிவாக உள்ள சில நல்ல கம்பனிகளைக் கவனமாகத் தெரிந்து, நன்மையிலும் தீமையிலும் பல ஆண்டுகள் உறுதியாக வைத்திருத்தலே நன்று என்பது அவர் வந்தடைந்த முடிவு. அவருடைய கொடுக்கல் வாங்கற் பதிவுகள் கல்லூரிக் காப்பகத்தில் இருந்தமையால், பிற்கால ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாகக் கணித்து, 1930களின் தொடக்கத்துக்குப் பின் அவருடைய பயன் சிறப்புற்றதை உறுதிப்படுத்தினர்.

நாளேட்டைக் கொப்பியில் எழுதுவதா, கணினியில் எழுதுவதா என்பது பெரிய விடயமன்று. கூட்டல் கழித்தலுக்குக் கணினி எளிது. காரணங்களை மையினால் எழுதுவதையே நான் விரும்புவேன். பின்னர் மனம் மாறும்போது அழித்துவிட்டு வேறொன்றை எழுத அது இடங்கொடாது. வாங்கும் நாளிலும் விற்கும் நாளிலும் எழுதினாற் போதும். பெறுமதியை மாதத்துக்கொரு முறை, மாத முடிவிற் குறித்தால் போதும். நாள்தோறும் விலையை எழுதத் தொடங்கினால் நாள்தோறும் ஏதேனும் செய்யவேண்டும் என்ற அரிப்பு உண்டாகும்.

கடைசிப் பக்கம் ஒன்றைத் தனியே ஒதுக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கின்றேன். பங்குகளை வைத்திருப்பவர் திடீரென இறந்துவிட்டால், அவற்றைப் பற்றி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ ஒன்றும் தெரியாமல் இருப்பதுண்டு. முற்காலத்திற் பங்குச் சான்றிதழாவது அலுமாரியில் இருந்தது. 1991இல் மத்திய வைப்பு முறை ஏற்பட்டபின் அத்தாள்களும் படிப்படியாக மறைந்தன. பங்கிலாபம் வந்துசேரும் வங்கிக் கணக்கும் எவர் கண்ணிலும் படாமற் கிடக்கும். அக்கடைசிப் பக்கத்தில் தரகு நிறுவனத்தின் பெயர், மத்திய வைப்புக் கணக்கின் இலக்கம், பங்கிலாபம் சேரும் வங்கிக் கிளை, பின்னுரித்தாளராக எவரையேனும் நியமித்திருந்தால் அவ்விபரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, வீட்டில் இருப்போருள் ஒருவருக்கேனும் ஏடு இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள். கணினியின் இரகசியச் சொல்லை மாத்திரம் அதில் எழுதவேண்டா; அதனை முத்திரையிட்ட உறையில் வேறோர் இடத்தில் வைக்கலாம்.